சுவரில் நகராத புள்ளிகள்

ஒளியைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று கிளம்பிய மதுரைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர், கடைசியில் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுகிற வேலைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். துளசிராமும் அதில் ஒருவர். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்த சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ். எம்.எஸ்சி. முடித்த கையோடு ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஐந்து வருஷம் கிடந்தார். அதில் நாலு வருஷம் பேராசிரியர் வீட்டுக்குச் சிலிண்டர் பதியவும், அவருக்கு வந்த விடைத்தாள்களைத் திருத்தவும், அவர் மகன் கல்யாணப் பத்திரிகையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கவும் சரியாகப் போயிற்று. ஐந்தாவது வருஷம் பேராசிரியர் ஓய்வு பெற்று மகனோடு வெளிநாடு போய்விட்டார். உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று போகும்போது வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த எதிர்காலம் 1993-இல் வந்தது. உசிலம்பட்டி சாலையில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் வேலை. காலையில் டவுன் பஸ் ஒன்று, பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ். சாயங்காலம் அதே இரண்டு பஸ் திரும்ப. மானாவாரிக் காட்டை நம்பி இருக்கிற ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் தமிழ் வழியில் இயற்பியல் படித்தார்கள். பெரும்பாலும் அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்கள்தான்.

அந்தக் கல்லூரியின் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அந்தக் கல்லூரியில் மட்டுமா, எங்கும் இருந்தது. ரெக்கார்டு நோட்டு அண்ணனிடமிருந்து தம்பிக்கும், அக்காளிடமிருந்து தங்கச்சிக்கும், சொந்தமில்லாதவர்களுக்குச் சீனியரிடமிருந்தும் வந்துவிடும். சோதனை செய்வதற்கு முன்பே விடை கையில் இருக்கும். முப்பட்டகத்தின் கோணம் அறுபது டிகிரி இரண்டு நிமிடம் என்று பத்து வருஷமாக வந்துகொண்டிருந்தது. நடுவில் அந்த முப்பட்டகம் கீழே விழுந்து உடைந்து, வேறு ஒன்று வாங்கி வைத்தார்கள். அப்போதும் அறுபது டிகிரி இரண்டு நிமிடமே வந்தது. முதல் இரண்டு வருஷம் துளசிராம் இதற்காகக் கத்தித் தீர்த்தார், நோட்டைத் தூக்கி எறிந்தார். மூன்றாவது வருஷம் அவரும் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

ஆனால் மனசு ஆறவில்லை. பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை என்று அவருக்குத் தெரியும். விடிகாலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிற பிள்ளையைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவர்கள் ஏன் பார்க்காமல் எழுதுகிறார்கள் என்று யோசித்து யோசித்து, பார்க்க ஒன்றுமில்லாததால்தான் எழுதுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். கோடு கீறிய கண்ணாடித் தகடு ஒன்றைக் கொடுத்து, இதில் ஒளி பட்டால் புள்ளி புள்ளியாகச் சிதறும், அதை அள என்கிறோம். கோடு கண்ணுக்குத் தெரியாது. அதை மாற்றவும் முடியாது. செத்த சாமானை எத்தனை நேரம் பார்ப்பான் ஒருவன்? கோட்டை அவனே வரையட்டும், வரைந்ததை மாற்றட்டும், மாற்றியதும் சுவரில் ஒளி அசையட்டும். அப்போது கட்டாயம் பார்ப்பான், பார்த்ததை எழுதுவான். தன் உத்தியோகத்தில் துளசிராம் உண்மையாக நம்பிய விஷயம் இது ஒன்றுதான்.

அதற்கு வழி காட்டியவர் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலெக்ட்ரானிக் சாமான் ரிப்பேர் செய்கிற அப்துல் அலீம். ஏதோ கல்யாண மண்டபத்தில் விளக்கு வெடித்துப்போன வீடியோ ப்ரொஜெக்டர் ஒன்று 2001-இல் அவர் கடைக்கு வந்து சீந்துவாரில்லாமல் கிடந்தது. அதற்குள் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடித் தகடு. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் திரவப் படிகம். அதில் மூன்று லட்சம் ஜன்னல்கள், ஒவ்வொன்றையும் கணினியிலிருந்து தனித்தனியாகத் திறக்கலாம், மூடலாம். முன்னும் பின்னும் போலராய்டு தாள் வைத்து லேசரை உள்ளே விட்டால், நாம் திரையில் என்ன வரைகிறோமோ அந்த வடிவத்தில் தகடு ஒளியை வெட்டி அனுப்பும். துளசிராம் இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். அலீம் பாய் அதன் நரம்புபோன்ற ஒயரை ஒவ்வொன்றாக நீட்டி ஒட்டி, விளக்கு இல்லாமலே மெஷின் ஓடும்படி ஏமாற்றி, ரம்ஜான் நோன்போடு மூன்று வாரம் உட்கார்ந்து அதை உயிர்ப்பித்துக் கொடுத்தார்.

முதல் தடவை ஆய்வகத்தில் போட்ட நாளைத் துளசிராம் மறக்க மாட்டார். கணினியில் கறுப்பும் வெள்ளையுமாக அகலமான கோடுகள் போட்டார். மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாக வரிசை கட்டி நின்றன. கோடுகளை நெருக்கினார். புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போயின. பின் பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எழுந்து முன்னால் வந்தார்கள். நான் போடுறேன் சார், நான் போடுறேன் சார் என்று விசைப்பலகைக்குப் போட்டி. மணி அடித்தும் யாரும் போகவில்லை. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு துளசிராமுக்கு அன்றைக்குத்தான் இந்தப் படிப்பைப் படித்தது சந்தோஷமாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் மனைவி சூடாமணியிடம் நெடுநேரம் பேசினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் இவர் இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று என்று மட்டும் சொன்னாள்.

இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லி அவர் நாயாய் அலைந்தார். இரண்டு கல்வியாண்டு பரீட்சார்த்தமாக நடத்துங்கள், இரண்டாவது ஆண்டு முடிவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் எழுதுகிற அறிக்கையைப் பார்த்து நிரந்தரமாக்கலாம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. முதல் ஆண்டு அவர் அந்த மேஜையை விட்டு நகரவில்லை. சோதனை அருமையாக நடந்தது. பலவீனமான பிள்ளைகள் கணக்கில் தடுமாறினார்கள் என்று, செய்முறைத் தாளின் கடைசியில் தான் எடுத்த ஐந்து அளவீடுகளை மாதிரிக்கென்று எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 2.4, 1.6, 1.2, 0.8, 0.6 சென்டிமீட்டர். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். தவளை தன் வாயால் கெடும் என்பதைத் தவளை எந்தக் காலத்தில் அறிந்திருக்கிறது?

இரண்டாவது ஆண்டு, 2003 ஜூனில், கல்லூரியைத் தரம் பார்க்க ஒரு குழு வரப்போகிறது என்று சேதி வந்தது. துறைத் தலைவர் துளசிராமைக் கூப்பிட்டு, உங்கள் கையெழுத்து அழகு, ஃபைலெல்லாம் நீங்கள்தான் தயார் செய்ய வேண்டும் என்றார். பத்து வருஷத்து வருகைப் பட்டியல், பத்து வருஷத்து மதிப்பெண், நடக்காத கூட்டங்களின் தீர்மானங்கள். ஆய்வக வகுப்பின்போது அவர் பக்கத்து அறையில் ஃபைல்களுக்குள் புதைந்து கிடந்தார். அட்டெண்டர் லேசரைப் போட்டுவிடுவார். பிள்ளைகள் அளவெடுத்து, அப்சர்வேஷன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். சிவப்பு மையில் சுருக்கொப்பம் போட்டு அனுப்புவார். அளவுகள் எல்லாம் கச்சிதமாக வந்தன. தன் சோதனை தானாகவே நடக்கப் பழகிவிட்டது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. ஏப்ரலில் செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் மேஜையைத் துடைத்து லேசரைப் போட்டுப் பார்த்தார். சுவரில் சிவப்புப் புள்ளிகள் பளிச்சென்று நின்றன. போதும் என்று அணைத்துவிட்டு வந்தார்.

தேர்வுக்கு வந்தவர் பொல்லாதவர் இல்லை. தலை நரைத்து, மெதுவாகப் பேசுகிற மனிதர். சீட்டுக் குலுக்கியதில் சோணைமுத்து என்ற பையனுக்கு அந்தச் சோதனை விழுந்தது. அரை மணியில் முடித்துத் தாளைக் கொடுத்துவிட்டான். தேர்வாளர் எண்களைப் பார்த்தார். ரொம்ப அழகாக வந்திருக்கிறதே, எனக்கும் ஒரு தடவை காட்டுங்கள் தம்பி என்று ஆசையாகத்தான் கேட்டார். துளசிராம் கைகட்டிப் பின்னால் நின்றார். கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவன் நிற்பதுபோல நின்றார் என்று சொல்ல வேண்டும்.

சோணைமுத்து கணினியில் அகலக் கோடு போட்டான். சுவரில் புள்ளிகள். பிறகு நெருக்கக் கோடு போட்டான். திரையில் கோடு மாறியது. சுவரில் புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தேர்வாளர் தானே விசையை அமுக்கிப் பார்த்தார். கோடு, கட்டம், வட்டம் என்று எதைப் போட்டாலும் ஒரே புள்ளிகள்.

"எப்ப இருந்து தம்பி இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இது எப்பவும் இப்படித்தான் சார் இருக்கும்" என்றான் சோணைமுத்து. அவன் பொய் சொல்லவில்லை, பயந்து உளறவும் இல்லை. அவனுக்கு அப்படித்தான் தெரியும்.

துளசிராம் குனிந்து ஒயரை ஆட்டினார், மின்சுற்றுப் பலகையைத் தொட்டார். சில்லிட்டுக் கிடந்தது. எங்கோ ஒரு இணைப்பு விட்டுப்போய்த் தகடு செத்துவிட்டது. செத்த தகட்டில் மூன்று லட்சம் ஜன்னலும் திறந்தே இருக்கும். ஒளி தாராளமாகப் போகும். ஜன்னல்களுக்கு நடுவில் இருக்கிற சட்டங்கள் ஒரு வலை மாதிரி என்பதால், அந்த வலையே ஒளியைச் சிதறடித்துச் சுவரில் புள்ளி வைக்கும். அதற்கும் கணினிக்கும் சம்பந்தமில்லை. அந்தப் புள்ளிகளுக்கு இடையே 4.8 சென்டிமீட்டர், எப்போதும். நேற்று மேஜையைத் துடைத்தபோது அவர் பார்த்து நிறைவுபட்டது அந்தப் புள்ளிகளைத்தான்.

தேர்வாளர் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் துளசிராமுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நானும் இருபது வருஷமா ரெக்கார்டுல கையெழுத்துப் போடுறவன்தான் சார். நல்ல சோதனை இது, வெட்ட எனக்கு மனசில்ல. இருபத்தெட்டு அப்சர்வேஷன் நோட்டு இருக்குல்ல. அதுல ஒண்ணுல, ஒரே ஒண்ணுல, புள்ளி நகரலன்னு ஒரு பிள்ளை எழுதியிருந்தாக் கொண்டாந்து காட்டுங்க. மெஷின்தான் கெட்டுச்சு, சோதனை பிள்ளைகளைப் பாக்க வைக்குதுன்னு எழுதிட்டுப் போயிடுறேன். யாருமே எழுதலைன்னா, அப்புறம் இத வச்சு என்ன பண்றது?"

இதைவிட நியாயமாக ஒருவர் பேச முடியாது. துளசிராம் ஆய்வகத்துக்குள் ஓடினார். தேர்வு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் அடுக்கியிருந்த நோட்டுக்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். 2.4, 1.6, 1.2, 0.8, 0.6. அடுத்தது. 2.4, 1.6, 1.2. சில கெட்டிக்காரப் பிள்ளைகள் சந்தேகம் வராமலிருக்க 2.41, 1.59 என்று கூடக் குறைய மாற்றி எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் அவருடைய சுருக்கொப்பம். பத்து நோட்டு ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. ஒரு வருஷம் முழுக்க ஒரு வகுப்பே செத்த தகட்டின் முன்னால் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது. அவருக்கு அழுகை வந்தது. ஒன்று இருக்கட்டும், மீனாட்சித் தாயே, ஒன்றே ஒன்று இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னார்.

பத்தொன்பதாவது நோட்டில் இருந்தது.

மலையம்மாள் என்ற பெண்ணின் நோட்டு. வகுப்பில் குரலே கேட்காத பெண். ஆகஸ்ட் மாதத் தேதி. அட்டவணையில் ஐந்து வரி: 4.8, 4.8, 4.8, 4.8, 4.8. அதன் கீழே பென்சிலில், ஒழுங்கான எழுத்தில்: 'திரையில் கோடு மாறுகிறது. சுவரில் புள்ளி நகரவில்லை. மூன்று முறை செய்து பார்த்தேன்.'

எந்த ஒன்றுக்காக அவர் அத்தனை அலைந்தாரோ அது அங்கே இருந்தது. ஒரு பிள்ளை பார்த்திருக்கிறது. கையில் விடை இருந்தும் அதை எழுதாமல், பார்த்ததை எழுதியிருக்கிறது.

அந்தப் பக்கத்தின் குறுக்கே, மூலைக்கு மூலை, சிவப்பு மையில் ஒரு கோடு அடித்திருந்தது. கோட்டின் மேல் அழகான கையெழுத்தில், 'ஒரே எண்ணை ஐந்து முறை எழுதுவது அளவீடு ஆகாது. அலட்சியம். திரும்பச் செய்.' கீழே அவருடைய சுருக்கொப்பம். அடித்தது அவருக்கு நினைவில்கூட இல்லை. ஃபைல்களுக்கு நடுவில், பொழுது போகாத ஒரு பிள்ளை ஒரே எண்ணை நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறது என்று நினைத்திருப்பார். 4.8 என்ற எண்ணைப் பார்த்ததும் தகடு செத்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊரில் அதைத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

பக்கத்தைத் திருப்பினார். மறுநாள் தேதி. 2.4, 1.6, 1.2, 0.8, 0.6. அதன் கீழே அவர் கையெழுத்தில், 'மிக நன்று.'

வராந்தாவில் தேர்வாளர் காத்துக்கொண்டிருந்தார். பத்தடி தூரம். இந்த நோட்டைக் கொண்டுபோய் நீட்டினால் சோதனை பிழைத்துவிடும். துளசிராமின் வேலை போகாது, சம்பளம் குறையாது. அந்த மனிதர் சிவப்புக் கோட்டைப் பார்ப்பார், பிறகு நிமிர்ந்து இவரைப் பார்ப்பார். அவ்வளவுதான் நடக்கும். ஒரு நிமிஷம் தலையைக் குனிந்து நின்றிருந்தால் போதும். நாலு வருஷம் இன்னொருவருக்குச் சிலிண்டர் பதிந்த மனிதருக்கு, ஒரு பிள்ளைக்காக அந்த ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. நோட்டை மூடினார். மற்ற நோட்டுக்களின் நடுவில் சொருகினார். அடுக்கைத் தட்டிச் சரிசெய்து உள்ளே வைத்துவிட்டு வெளியே போனார்.

"இல்ல சார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்காங்க" என்றார்.

தேர்வாளர், என்ன செய்ய என்று ஒரு பெருமூச்சு விட்டு உள்ளே போய், அறிக்கையில் அந்தச் சோதனையின் பெயரை ஒரு கோட்டால் அடித்தார்.

துறைத் தலைவர் ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றிவிட்டு, ஒரு வாரத்தில் அந்த மேஜையை நியூட்டன் வளையச் சோதனைக்குக் காலி செய்யச் சொன்னார். அலீம் பாய் சேதி கேட்டுப் பதறிப்போய் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். திறந்து பார்த்து, ஒரே ஒரு ஒயர்தான் சார் விட்டிருக்கு, பத்து நிமிசம் கொடுங்க, அல்லா புண்ணியத்துல பழையபடி ஓடும் என்றார். வேண்டாம் பாய், இருக்கட்டும் என்றார் துளசிராம். அலீம் பாய்க்குப் புரியவில்லை. மூன்று வாரம் நோன்போடு உட்கார்ந்தவருக்கு ஒரு காரணமாவது சொல்லியிருக்கலாம். அதையும் அவர் சொல்லவில்லை. வீட்டில் சூடாமணி இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள், உடம்புக்கு என்ன, கல்லூரியில் என்ன என்று. ஒன்றுமில்லை என்று அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஜூன் மாதம் மலையம்மாள் வந்தாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஃபாரத்தில் கையெழுத்து வேண்டும். அறையில் வேறு யாரும் இல்லை. ஃபாரத்தை மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். துளசிராம் பேனாவை எடுத்தபோது, அந்தக் குரலே கேட்காத பெண் பேசினாள்.

"சார், பிராக்டிகல் அன்னைக்கு நீங்க அலமாரியில என் நோட்ட எடுத்துப் பாத்தீங்கள்ல. நான் பக்கத்து டேபிள்ல கிராஃப் போட்டுக்கிட்டு இருந்தேன். கோடு போடுறத நிப்பாட்டிட்டு உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

துளசிராம் நிமிரவில்லை.

"ரெண்டாவது தடவை நான் பாக்காமலே பொய்யா எழுதுனேன் சார். அத அந்த சாருகிட்ட காட்டியிருந்தா என்னைய ஃபெயிலாக்கியிருப்பாரு. எங்க வீட்ல இம்புட்டுத் தூரம் படிக்க விட்டதே பெருசு, அப்புறம் அவ்வளவுதான். நீங்க நடுவுல சொருகி மறைச்சு என்னையக் காப்பாத்துனீங்க. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

நீ முதலில் எழுதியதுதான் சரி அம்மா என்ற வார்த்தை அவர் தொண்டை வரை வந்தது. சொன்னால், அப்புறம் ஏன் சார் அடிச்சீங்க என்று அவள் கேட்கக்கூடும். கேட்க மாட்டாள்தான். ஆனால் நினைப்பாள். துளசிராம் கையெழுத்தைப் போட்டு, ஃபாரத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"சரிம்மா. இனிமே எங்க போனாலும் பாக்காம எழுதாத" என்றார்.

"சரி சார்" என்று மலையம்மாள் தலையாட்டினாள். ஃபாரத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாரேன் சார் என்று சொல்லிவிட்டு உசிலம்பட்டி பஸ்ஸுக்குப் போனாள்.